ஆர்சிஏ அவுட்டிலிருந்து எக்ஸ்எல்ஆர் இன்புட்டுக்கு: ஹம் வராமல் இணைப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சின்ன மிக்சர் ஒன்று இருக்கிறது. லேப்டாப்பும் கீபோர்டும் அதில் வருகின்றன. மிக்சரின் அவுட்புட் ஆர்சிஏ (வீட்டு ஆடியோ கருவிகளில் வரும் சின்ன வட்டப் பிளக்) மட்டும்தான். பத்து மீட்டர் தள்ளி எக்ஸ்எல்ஆர் (மைக் ஒயரில் வரும் மூன்று பின் பிளக்) இன்புட் உள்ள பவர்டு ஸ்பீக்கர், அதாவது ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர், இரண்டு. நடுவில் ரெடிமேடாக வாங்கிய ஆர்சிஏ–எக்ஸ்எல்ஆர் ஒயர். ஸ்பீக்கரை ஆன் செய்த உடனே ‘ம்ம்ம்’ என்று ஹம் வருகிறது. ஸ்பீக்கர்களின் பவர் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றினால் ஹம் போய்விடுகிறது என்று நண்பர் செய்து காட்டியிருக்கிறார். “அப்படியே விட்டுவிடலாமா? இல்லையென்றால் வேறு என்ன செய்வது?” என்பது கேள்வி.

விடக் கூடாது. இந்தப் பதிலைப் படித்து முடிப்பதற்கு முன்னாலேயே போய் அந்த எர்த் பின்னைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். ஸ்பீக்கருக்குள் பவர் சப்ளையில் ஒரு ஒயர் தேய்ந்தோ கழன்றோ உலோக உடம்பைத் தொட்டால், அந்தக் கரன்ட் எர்த் வழியாகப் பாய்ந்து ஃபியூஸையோ பிரேக்கரையோ விழவைக்க வேண்டும். எர்த் பின் இருப்பதே அதற்குத்தான். பின்னை எடுத்துவிட்டால் அந்தக் கரன்ட்டுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி, உங்கள் ஆடியோ ஒயரின் தலைமுடி போன்ற ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக இழைகள்). அந்த நேரத்தில் யாராவது ஆடியோ ஒயரைக் கழற்றினால் ஸ்பீக்கரின் உடம்பு முழு மெயின்ஸ் வோல்டேஜில் நிற்கும். ஒரு நிகழ்ச்சியில் கிடார் ஆம்ப்பின் எர்த் பின்னை யாரோ இதே காரணத்துக்காக வெட்டியிருந்தார்கள். பாடகர் கிடாரைப் பிடித்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டதும் துள்ளிப் பின்வாங்கினார். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிடார் கம்பியிலும் மறுமுனையை மைக்கின் வலையிலும் வைத்துப் பார்த்தேன். நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அன்று அது வெறும் கசிவு கரன்ட் என்பதால் அதிர்ச்சியோடு போயிற்று. உள்ளே உண்மையான பழுது இருந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருக்க மாட்டார். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனமே கிடையாது. ஹம்முக்குக் காரணமான கரன்ட் வளையத்தை, அதாவது லூப்பை, உடைக்க வேண்டுமென்றால் ஆடியோ பக்கத்தில் உடையுங்கள். மெயின்ஸ் பக்கம் கையே வைக்காதீர்கள்.

ஆனால் நண்பர் செய்த சோதனை ஒன்றை நிரூபித்துவிட்டது: உங்கள் மிக்சரும் நல்லது, ஸ்பீக்கரும் நல்லது. கோளாறு இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

எங்கே என்று பார்ப்போம். மெயின்ஸில் ஓடும் ஏறக்குறைய எல்லாக் கருவியிலும், லைன் ஒயருக்கும் உலோக உடம்புக்கும் நடுவே கொஞ்சம் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் சுருள்களுக்கு இடையே தானாக உண்டாவது ஒன்று. ஸ்விட்ச்மோடு சப்ளைகளில் இரைச்சலை வடிகட்ட வேண்டுமென்றே வைப்பது இன்னொன்று. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் வெறும் 2.2 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தாலே 0.16 மில்லி ஆம்பியர் கசியும். இது பழுது இல்லை. எல்லாக் கருவியிலும் நடப்பது. இது போக, இரண்டு வேறு பிளக் பாயின்ட்டுகளின் எர்த்துக்கு நடுவே எப்போதும் சில மில்லி வோல்ட்டாவது வித்தியாசம் இருக்கும். மிக்சரும் ஸ்பீக்கரும் எர்த் ஆகியிருக்கும்போது, சுவருக்குள் ஓடும் எர்த் ஒயர் ஒரு பாதை, உங்கள் ஆடியோ ஒயரின் ஷீல்டு இன்னொரு பாதை. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம். கிரவுண்டு லூப் என்பது இதுதான். அந்த வளையத்தில் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஓடினால் ஓடட்டுமே, என்ன கெட்டுப்போகிறது? ஆர்சிஏ ஒயரில் அங்கேதான் சிக்கல். அன்பேலன்ஸ்டு இணைப்பில் இருப்பது இரண்டே கடத்திகள்: நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் ஷீல்டு. பாட்டு நடுக்கம்பியில் போய் ஷீல்டு வழியாகத் திரும்புகிறது. கசிவு கரன்ட்டும் அதே ஷீல்டில்தான் போகிறது. ஷீல்டுக்கும் முனைகளுக்கும் சேர்த்து அரை ஓம் மின்தடை என்று வையுங்கள். அதில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.5 மில்லி வோல்ட் விழும். ரிசீவருக்கு, அதாவது சிக்னலை வாங்கும் கருவிக்கு, அந்த 0.5 மில்லி வோல்ட்டும் பாட்டின் ஒரு பகுதிதான். பிரித்துப் பார்க்க வழியே இல்லை. ஆர்சிஏ கருவிகளின் வழக்கமான லெவல் 0.316 வோல்ட். ஆக ஹம் பாட்டுக்கு 56 டெசிபெல் கீழே உட்கார்ந்திருக்கும். பாட்டு ஓடும்போது தெரியாது. பாட்டு நின்ற நொடியில் அறை முழுக்கக் கேட்கும்.

இதிலிருந்து ஒன்று புரியும். “நல்ல ஷீல்டு உள்ள விலை உயர்ந்த ஒயர் வாங்குங்கள், ஹம் போய்விடும்” என்று சொல்பவர்கள், ஹம் காற்றிலிருந்து ஒயருக்குள் நுழைகிறது என்று நினைக்கிறார்கள். உங்கள் ஹம் நுழையவில்லை. ஷீல்டு வழியாகவே நடந்து வருகிறது. ஷீல்டின் மின்தடை குறைந்தால் ஹம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஒயரின் நீளத்தைப் பாதியாக்கினாலும் அதே பலன் கிடைக்கும்.

இனி பேலன்ஸ்டு. மூன்று கடத்திகள்: எக்ஸ்எல்ஆரில் பின் 1 ஷீல்டு, பின் 2 ஹாட், பின் 3 கோல்டு (cold). ரிசீவர் 2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே அளவாக வருகிற எதையும் கழித்துவிடும். இங்கே பரவலான ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். “இரண்டு கம்பியிலும் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி எதிர் எதிராகச் சிக்னல் போவதால்தான் பேலன்ஸ்டு” என்று பாடப்புத்தகம் போலச் சொல்வார்கள். சிக்னல் எப்படிப் போகிறது என்பதற்கும் இரைச்சலைக் கழிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு கம்பிகளுக்கும் கிரவுண்டைப் பார்த்த இம்பிடன்ஸ் (ஏசி சிக்னலுக்கு உள்ள மொத்தத் தடை) சமமாக இருக்க வேண்டும். பேலன்ஸ் என்பது அந்தச் சமம் ஒன்றுதான். அது இருந்தால் இரைச்சல் இரண்டிலும் சம அளவில் ஏறும், கழியும். ஒரு கம்பியில் சிக்னலே இல்லாவிட்டாலும் பேலன்ஸ் கெடாது. ஜென்சன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நிறுவனத்தின் பில் விட்லாக் இதைப் பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தார். 2000-இல் ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்பத் தர அமைப்பு தன் அளவீட்டு முறையை மாற்றி, இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 10 ஓம் வித்தியாசம் வைத்துச் சோதிக்கச் சொன்னதற்கும் அவர்தான் காரணம். உண்மையான கருவிகளில் அந்தச் சமம் நூற்றுக்கு நூறு இருக்காது என்பதுதான் அதன் பொருள்.

இந்தக் கருத்து ஏன் உங்களுக்கு வேண்டும் என்றால், உங்கள் ஆர்சிஏ மிக்சரிலிருந்தே பேலன்ஸின் பெரும்பகுதிப் பலனை எடுத்துவிடலாம். ரிசீவர் பேலன்ஸ்டாக இருந்தால் போதும். உங்கள் ஸ்பீக்கரில் அது இருக்கிறது. இப்போது உங்கள் ரெடிமேட் ஒயர் அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

எப்படி என்று அந்த ஒயரின் எக்ஸ்எல்ஆர் முனையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே ஒற்றைக் கம்பி ஷீல்டு ஒயர்தான் இருக்கும். நடுக்கம்பி பின் 2-இல். ஷீல்டு பின் 1-இல். 1-க்கும் 3-க்கும் குறுக்கே ஒரு குட்டிக் கம்பித் துண்டு சாலிடர் செய்திருப்பார்கள். அந்தத் துண்டுதான் குற்றவாளி. ஷீல்டில் விழுகிற 0.5 மில்லி வோல்ட், அந்தத் துண்டு வழியாக நேரே பின் 3-க்குப் போகிறது. பின் 2-இல் அது இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதால் ரிசீவர் அதைப் பாட்டு என்று எடுத்துக்கொள்கிறது.

மாற்று ஒயரை நீங்களே செய்துவிடலாம். வேண்டியது சாதாரண மைக் ஒயர், அதாவது டூ கோர் ஷீல்டு ஒயர். ஒரு ஆர்சிஏ பிளக். ஒரு எக்ஸ்எல்ஆர் ஆண் பிளக். உள்ளே சிவப்பு, கறுப்பு என்று இரண்டு கம்பி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

எக்ஸ்எல்ஆர் முனையில்: சிவப்பு பின் 2, கறுப்பு பின் 3, ஷீல்டு பின் 1. எதையும் எதோடும் சேர்க்க வேண்டாம்.

ஆர்சிஏ முனையில்: சிவப்பு நடு முனைக்கு. கறுப்பும் ஷீல்டும் சேர்ந்து வெளி வளையத்துக்கு.

கறுப்பும் ஷீல்டும் சேரும் இடம் ஆர்சிஏ முனை மட்டும்தான். இப்போது கசிவு கரன்ட் ஷீல்டில் ஓடும், மின்னழுத்தமும் விழும். ஆனால் பாட்டு திரும்பி வருவது கறுப்பு வழியாக. ஷீல்டில் விழுந்த வோல்டேஜ் பின் 1-ஐப் பொறுத்து 2-இலும் 3-இலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். ரிசீவர் கழித்துவிடும். அதே மிக்சர், அதே ஸ்பீக்கர், இம்மி மாற்றம் இல்லை. ஒயரில் கம்பி சேரும் இடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றியதற்கே 20-லிருந்து 30 டெசிபெல் வரை ஹம் குறைவது வழக்கம். முதன்முறை செய்தபோது ஸ்பீக்கர் ஆன் ஆகவில்லையோ என்று பின்னால் போய் லைட்டைப் பார்த்தேன்.

சாலிடர் செய்யும்போது ஒரு கவனம். வெளி ரப்பரை அரை அங்குலத்துக்கு மேல் உரிக்காதீர்கள். ஷீல்டு இழைகளைத் தனியாகப் பிரித்து, முறுக்கி, முனையில் கொஞ்சம் சாலிடர் பூசி, மேலே ஒரு சிறு ஸ்லீவ் மாட்டிய பிறகு பின் 1-இல் வையுங்கள். ஒரே ஒரு இழை தப்பி பின் 3-ஐத் தொட்டால் நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண். ரெடிமேட் ஒயரின் கதைதான் மறுபடி. முடித்ததும் ஆர்சிஏ முனையை எங்கும் செருகாமல், மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து 1-க்கும் 3-க்கும் தொடுங்கள். ‘பீப்’ சத்தம் வரும். வரத்தான் வேண்டும், ஆர்சிஏ முனையில் அவை சேர்ந்திருக்கின்றன அல்லவா. அதனால் இழை தொட்டிருக்கிறதா என்பதை மீட்டர் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் ஆர்சிஏ முனையைக் கடைசியாகச் சாலிடர் செய்யுங்கள். அதற்கு முன்பே 1–2, 1–3, 2–3 மூன்றும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். நான் எப்போதும் அப்படித்தான்.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால், அது ஒரே ஒரு ரெசிஸ்டர். 30 டெசிபெல்லோடு நிற்பதற்குக் காரணம், சிவப்புக் கம்பிக்குப் பின்னால் மிக்சரின் அவுட்புட் இம்பிடன்ஸ் இருக்கிறது, கறுப்புக்குப் பின்னால் எதுவும் இல்லை. அந்த வித்தியாசம் பேலன்ஸைக் கெடுக்கிறது. ஆர்சிஏ பிளக்குக்குள் கறுப்புக் கம்பியோடு தொடராக, அதே மதிப்புள்ள கால் வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தால் இரண்டும் சமமாகிவிடும். ‘இம்பிடன்ஸ் பேலன்ஸ்டு’ என்று பெயர் போட்டு வரும் பல மிக்சர்களின் அவுட்புட்டில் இருப்பது இதே ஏற்பாடுதான். அவுட்புட் இம்பிடன்ஸ் எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும். இல்லையென்றால் அளந்துவிடலாம்: மிக்சரில் 200 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஏசி மில்லி வோல்ட் காட்டும் மீட்டரில் அவுட்புட்டை அளந்து கொள்ளுங்கள். பிறகு அவுட்புட்டுக்குக் குறுக்கே 1000 ஓம் ரெசிஸ்டரை வைத்து மறுபடி அளங்கள். 300 மில்லி வோல்ட் 200 ஆகக் குறைந்தால், விழுந்த 100-ஐ மிஞ்சிய 200-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். 500 ஓம். பக்கத்தில் கிடைக்கும் 470 ஓம் போதும்.

ஷீல்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. “ஒரு முனையில் ஷீல்டை வெட்டிவிடு” என்பது எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்லும் மருந்து. மிக்சர், ஸ்பீக்கர் இரண்டும் மூன்று பின் பிளக்கில் எர்த் ஆகியிருந்தால், ஸ்பீக்கர் பக்கத்தில் பின் 1-ஐ விட்டுவிட்டுப் பார்க்கலாம். மிச்ச ஹம்மும் போகக்கூடும். அந்த இடைவெளிக்குக் குறுக்கே 10 நானோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் வைத்தால் ரேடியோ அலைவரிசையில் ஷீல்டு வேலை செய்யும். ஆனால் மிக்சர் இரண்டு பின் அடாப்டரில் ஓடுகிறது என்றால் ஷீல்டை வெட்டாதீர்கள். எர்த் இல்லாத கருவியின் உடம்பு மெயின்ஸ் வோல்டேஜில் ஏறக்குறைய பாதியில் மிதந்துகொண்டிருக்கும். ஷீல்டு அதைக் கீழே இறக்கிப் பிடித்திருக்கிறது. அதை வெட்டினால் ஸ்பீக்கரின் இன்புட் பத்துப் பதினைந்து வோல்ட்டுக்குமேல் தாங்க முடியாமல் திணறும். ஹம் முன்பைவிடக் கொடூரமாக வரும்.

லெவலைப் பற்றிச் சுருக்கமாக. ஆர்சிஏ உலகம் 0.316 வோல்ட்டில் பேசுகிறது, ஸ்டுடியோ உலகம் 1.23 வோல்ட்டில். வித்தியாசம் 12 டெசிபெல் போல. ஸ்பீக்கரின் கெய்னைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் லேப்டாப்பில் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வையுங்கள், மிக்சரில் மீட்டர் நன்றாக ஏறட்டும், கடைசியில் ஸ்பீக்கர் கெய்ன். லேப்டாப்பில் கால் பங்கு வைத்துவிட்டு ஸ்பீக்கரைக் கடைசிவரை திருப்புகிறவர்கள் நிறையப் பேர். ஒயரில் ஏறும் ஹம் ஒரே அளவுதான். மேலே இருக்க வேண்டிய பாட்டைக் கீழே வைத்துவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்துப் பெருக்குகிறார்கள்.

எதிர்த்திசையும் ஒருநாள் தேவைப்படும்: எக்ஸ்எல்ஆர் அவுட்டிலிருந்து ஆர்சிஏ இன்புட்டுக்கு. இது கொஞ்சம் வம்பு பிடித்தது, ஏனென்றால் பின் 3-ஐ என்ன செய்வது என்பது அவுட்புட் எந்த ரகம் என்பதைப் பொறுத்தது.

டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட் என்றால் பின் 3-ஐக் கிரவுண்டில் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காவிட்டால் சத்தம் ஈனசுரத்தில், பேஸ் இல்லாமல் வரும். இம்பிடன்ஸ் பேலன்ஸ்டு ரகத்தில் பின் 3-க்குப் பின்னால் வெறும் ரெசிஸ்டர்தான். சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் கெடுதல் இல்லை. இரண்டு ஐசி தனித்தனியாக 2-ஐயும் 3-ஐயும் ஓட்டும் ரகம்தான் இப்போது மிகப் பரவலாக இருக்கிறது. அதில் பின் 3-ஐக் கிரவுண்டில் சேர்க்கவே கூடாது. ஒரு ஐசியின் அவுட்புட்டை ஷார்ட் செய்வதாக ஆகும். அது கரன்ட் எல்லையில் முட்டி நிற்கும், அந்தச் சிதைவு கிரவுண்டு வழியாக நல்ல பக்கத்துக்கும் பரவும். பின் 3-ஐத் திறந்தே விடுங்கள். 6 டெசிபெல் குறையும், குறையட்டும். நான்காவது, சர்வோ அல்லது கிராஸ் கப்புள்டு என்று சொல்லப்படும் ரகம். டிரான்ஸ்ஃபார்மரைப் போல நடிக்கும் மின்னணுச் சுற்று. அதில் பின் 3-ஐச் சேர்க்க வேண்டும், ஆனால் அவுட்புட் முனையிலேயே சேர்க்க வேண்டும். ஒயரின் மறுகோடியில் சேர்த்தால் சில கருவிகளில் சுற்று நிலைகுலைந்து ஊளையிடும்.

எந்த ரகம் என்று தெரியவில்லையா? முதலில் மேனுவல். அது இல்லையென்றால் டோன் ஓடவிட்டு 1–2, 1–3 இரண்டையும் அளங்கள். 1–3-இல் எதுவும் இல்லையென்றால் இம்பிடன்ஸ் பேலன்ஸ்டு. இரண்டிலும் சமமாக இருந்தால் பின் 3-ஐத் திறந்து விட்டு ஆரம்பியுங்கள். ஒலி முழுமையாக வந்தால் அப்படியே விடுங்கள். எக்ஸ்எல்ஆரை ஆர்சிஏ ஆக்கும் குட்டி அடாப்டர்கள் பெரும்பாலும் 1-ஐயும் 3-ஐயும் உள்ளே சேர்த்தே வருகின்றன என்பதை மனதில் வையுங்கள்.

இந்தத் திசையில் இரைச்சலைக் கழிக்க ரிசீவரில் எதுவும் இல்லை. ஒயர் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருந்தால் சமாளிக்கலாம். நீண்டால் டிரான்ஸ்ஃபார்மர்தான் முறையான வழி. லைன் லெவலுக்கான ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், இரு பக்கத்துக்கும் உலோகத் தொடர்பே இல்லாமல் பாட்டை மட்டும் காந்தப்புலத்தில் கடத்துகிறது. கரன்ட் ஓட வளையமே இல்லை, ஆகவே ஹம் இல்லை. அதை ரிசீவருக்குப் பக்கத்தில், ஒரு மீட்டருக்குள் வையுங்கள். அவுட்புட் பக்கம் வைத்துவிட்டு அங்கிருந்து நீளமாக ஆர்சிஏ இழுத்தால் பாதிப் பலன்தான். நல்ல டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருளுக்கும் நடுவே ஃபாரடே ஷீல்டு இருக்கும், உலோகக் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், கையில் எடுத்தால் கனக்கும். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் டப்பாவில் வரும் மலிவு ‘கிரவுண்டு லூப் ஐசொலேட்டர்’ ஹம்மை நிறுத்திவிடும், ஆனால் பேஸையும் கொண்டுபோய்விடும். சின்ன இரும்பு உட்கருவால் குறைந்த அதிர்வெண்களைத் தாங்க முடியாது. பேச்சுக்கு மட்டும் என்றால் போதும்.

கீபோர்டிலிருந்து நேராக ஒரு பெரிய மிக்சரின் மைக் இன்புட்டுக்குப் போக நேர்ந்தால் டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) பாக்ஸ். பவர் தேவைப்படாத பேசிவ் ரகத்தில் உள்ளே இருப்பதும் டிரான்ஸ்ஃபார்மர்தான், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருப்பது வழக்கம். லெவலை 21, 22 டெசிபெல் இறக்கி மைக் இன்புட்டுக்கு ஏற்றதாக்கும். அதில் இருக்கும் கிரவுண்டு லிஃப்ட் சுவிட்ச் ஆடியோ ஷீல்டைத்தான் துண்டிக்கிறது, மெயின்ஸ் எர்த்தைத் தொடுவதில்லை. தாராளமாகப் பயன்படுத்தலாம். டிஐ இல்லாமல் கீபோர்டை நேரே மைக் இன்புட்டில் செருகும் பழக்கம் இருந்தால் ஃபேன்டம் பவர் (மைக்குக்காக மிக்சர் அதே ஒயரில் அனுப்பும் மின்சாரம்) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 48 வோல்ட், 6.8 கிலோ ஓம் வழியாக 7 மில்லி ஆம்பியர் வரை கீபோர்டின் அவுட்புட்டுக்குள் தள்ளும். சில அவுட்புட் தாங்கும், சில தாங்காது.

லேப்டாப் வைத்திருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். ஒரு அரங்கத்தில் கரோக்கே இல்லாத, முழுப் பாட்டு ஒன்றை ஓடவிட்டார்கள். வயலின் கேட்கிறது, எதிரொலி கேட்கிறது, பாடகி குரல் மட்டும் இல்லை. ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று வேறு பாட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து மூன்று கடத்தி ஸ்டீரியோ பிளக் ஒன்றை நேரே பவர்டு ஸ்பீக்கரின் பேலன்ஸ்டு ஜாக்கில் செருகியிருந்தார்கள். பிளக்கின் நுனியில் இடது, வளையத்தில் வலது. ஸ்பீக்கரோ நுனியை ஹாட் என்றும் வளையத்தைக் கோல்டு என்றும் எடுத்துக்கொண்டு இரண்டையும் கழிக்கிறது. பாடகி குரல் இரண்டிலும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும், கழித்தால் பூஜ்யம். ஹம்மைக் கழிக்கும் அதே கணக்கு குரலைக் கழித்துவிட்டது. பிளக் மூன்று கடத்தியாக இருப்பதாலேயே அது பேலன்ஸ்டு ஆகிவிடாது. ஸ்டீரியோவை இரண்டாகப் பிரிக்கும் ஒயர் போட்டு மிக்சரின் இரண்டு சேனலில் விடுங்கள்.

புது ஒயர் போட்ட பிறகும் சத்தம் மிச்சமிருந்தால், காதை வைத்துத் தேடுங்கள். ஸ்பீக்கர் இன்புட்டில் எதுவுமே செருகாமல் ஆன் செய்யுங்கள். அப்போதும் ஹம் என்றால் ஸ்பீக்கரில் பழுது. இல்லையென்றால் மிக்சரை மட்டும் இணையுங்கள், மிக்சரில் எல்லா இன்புட்டும் காலி. பிறகு கீபோர்டு. பிறகு லேப்டாப். எதைச் செருகும்போது சத்தம் வருகிறதோ அங்கே நில்லுங்கள். லேப்டாப்பில் வந்தால் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் அதோடு நின்றால் சார்ஜர் வழியாகத்தான் லூப். மவுஸை நகர்த்தும்போது ‘கீச்’ சத்தம் மாறினாலும் அதே வழிதான். அந்த இடத்தில் மிக்சருக்கு முன்னால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அல்லது அவசரத்துக்குப் பேட்டரியிலேயே ஓட்டம்.

சத்தத்தின் குணமும் துப்புக் கொடுக்கும். ‘ஜ்ஜ்ஜ்’ என்று முள் முள்ளாகக் கேட்டால் அது பெரும்பாலும் கசிவு, லூப் கரன்ட்; அதில் மேல் அதிர்வெண்கள் நிறைய உண்டு. வழவழப்பான ‘ம்ம்ம்’ மட்டும் என்றால், ஒயர் எங்காவது பெரிய பவர் டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். அரை மீட்டர் நகர்த்தினாலே விடை தெரிந்துவிடும். ஆடியோ ஒயரையும் பவர் ஒயரையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். குறுக்கே வெட்டிப் போகட்டும்.

அரிதாக, முழுக்க எக்ஸ்எல்ஆரிலிருந்து எக்ஸ்எல்ஆருக்கே இணைத்தும் ஹம் வரும். கருவியை வடிவமைத்தவர்கள் பின் 1-ஐ உலோக உடம்பில் சேர்க்காமல் உள்ளே சர்க்யூட் போர்டின் கிரவுண்டில் சேர்த்திருப்பார்கள். ஷீல்டு கரன்ட் வாசலிலேயே உடம்புக்குத் திரும்பாமல் வீட்டுக்குள் நடந்து போய் எல்லாவற்றையும் கெடுக்கும். ஆடியோ பொறியாளர் நீல் மன்சி இதை 1990-களில் விரிவாக எழுதி ‘பின் 1 பிரச்சினை’ என்று பெயர் வைத்தார். ஷீல்டை உடம்பில்தான் சேர்க்க வேண்டும் என்று ஏஇஎஸ் என்ற ஆடியோ பொறியாளர் சங்கத்தின் ஏஇஎஸ்48 என்ற தர விதி 2005-இல் வந்தது. அப்படிப்பட்ட கருவியோடு மாட்டிக்கொண்டால், பேலன்ஸ்டு ஒயரின் ரிசீவர் முனையில் ஷீல்டைத் திறந்துவிட்டு, அனுப்பும் முனையில் மட்டும் வைத்திருங்கள்.

உங்கள் விஷயத்துக்கு என் யோசனை இந்த வரிசையில். எர்த் பின் திரும்பவும் உள்ளே. மிக்சர், லேப்டாப், கீபோர்டு மூன்றும் ஒரே பவர் ஸ்டிரிப்பில். முடிந்தால் ஸ்பீக்கர்களுக்கும் அங்கிருந்தே மூன்று கம்பி எக்ஸ்டென்ஷன் இழுங்கள், எர்த் வித்தியாசமே குறைந்துவிடும். ஆனால் சுவர் பாயின்ட் தாங்கும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே சொன்னபடி டூ கோர் ஒயர் இரண்டு, பத்து மீட்டர் வீதம். ரெசிஸ்டர் இல்லாமலேயே முதலில் கேட்டுப் பாருங்கள். பாட்டு எதுவும் ஓடாமல், வழக்கமாக வைக்கும் வால்யூமில், ஆட்கள் உட்காரும் இடத்தில் நின்று. அங்கே கேட்கவில்லையென்றால் ரெசிஸ்டர் வேண்டாம். கேட்டால் அவுட்புட் இம்பிடன்ஸை அளந்து ரெசிஸ்டர் வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நல்ல லைன் டிரான்ஸ்ஃபார்மர்.